பொறிஞர்: ஆண்பாலா, பெண்பாலா?

சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே ஒரு பட்டச் சான்றிதழ் எழுதப்பட்டது. சான்றிதழின் படிவம் முன்னரே ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. பட்டம் பெறுபவரைச் சுட்டும் இடத்தில் 'ஹி' என்னும் ஆண்பாற் சொல்லே அதில் இருந்தது. பொறியியற் பட்டம் பெறுபவர் ஆடவராகத்தான் இருப்பார் என்பது படிவத்தை வகுத்தவர்களின் முடிபு. அந்த ஆண்டு அம்முடிபு பொய்த்தது. அலுவலர் ஒருவர் எழுதுகோலை எடுத்து, அச்சிட்ட சொல்லை அடித்துவிட்டு, அதன்மேல் 'ஷி' என்று கையால் எழுதினார். அச்சான்றிதழைப் பெற்றவர் அய்யலசோமயாஜுல லலிதா அம்மையார். இந்தியாவிலே பொறியியற் பட்டம் பெற்ற முதல் பெண் எனப் போற்றப்படுபவர் அவரே.

தமிழாசிரியர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு தனிச் சுவை உடையது. அச்சான்றிதழ் தமிழில் எழுதப்பட்டிருந்தால் அடித்தலும் திருத்தலும் வேண்டியிருந்திருக்குமா?

சொல்லும் பொருளும்

'பொறி' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். கண், காது முதலியன ஐம்பொறி. நெருப்பிலிருந்து தெறிப்பது தீப்பொறி. அரசன் முத்திரையில் அமைந்த புலியும் கயலும் பொறி. விலங்கைப் பிடிக்க வைப்பது பொறி. இயந்திரமும் பொறியே. மதுரை மதிலில் பகைவரைத் தடுக்க அமைத்திருந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை வரிசைப்படுத்திக் கூறுவதை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஆகவே இயந்திரம் செய்யும் கலைக்குப் பொறியியல் என்றும், அதில் வல்லவர்க்குப் பொறிஞர், பொறியாளர் என்றும் பெயர் அமைந்தது இயல்பே.

தொல்காப்பியர் உயர்திணையை ஆண், பெண், பலர் என மூன்றாக வகுத்தார். இவற்றுள் பலர்பால் ஒன்றே ஆணையும் பெண்ணையும் ஒருங்கே தழுவுவது. அறிஞர், கலைஞர், கவிஞர், பொறிஞர் என்பவற்றின் இறுதியில் நிற்பது அப்பலர்பால் ஈறே. ஒருவரை மதித்துக் கூறும்போதும் அதனையே ஆள்கிறோம். ஆதலின் 'அவர் பொறிஞர் ஆனார்' என்னும் தொடரில் ஒரு சொல்லையும் அடிக்க வேண்டுவதில்லை.

இலக்கணம் இவ்வாறு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆயினும் சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழும் உருவம் எது? ஆராய்ச்சியாளர் டேவிட் சேம்பர்ஸ் என்பார், அறிவியலறிஞர் ஒருவரை வரைக என்று கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா நாட்டுச் சிறுவர் சிறுமியர் 4,807 பேரிடம் கூறி, அவர்கள் வரைந்த படங்களைத் தொகுத்து 1983இல் முடிபை வெளியிட்டார். அவற்றுள் பெண்ணுருவம் வரையப்பட்டிருந்த படங்கள் 28 மட்டுமே. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமியரே. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுக் காலம் நடந்த இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிஞர்கள், 1980களுக்குப் பிந்திய படங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பெண்ணுருவங்கள் என்று 2018இல் கணக்கிட்டனர். குழந்தைகளின் மனத்திரை மாறக்கூடியதே என்பதற்கு இது சான்று. எதைக் கண்டு அது மாறுகிறது என்பதே ஆசிரியர் எண்ண வேண்டுவது. அதற்கு லலிதா அம்மையாரின் வாழ்க்கை ஒரு விளக்கமாக அமைகிறது.

1919ஆம் ஆண்டு

அம்மையார் பிறந்தது 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள். அதே ஆண்டு ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பெண் பொறியாளர் சங்கம் தோன்றியது. முதல் உலகப் போரின்போது படைக்கலத் தொழிற்சாலைகளில் பெண்களை வேலைக்கு அமர்த்தியவர்கள், போர் ஓய்ந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்ப முற்பட்டனர். கற்ற தொழிலைக் கைவிட மனமில்லாத மகளிர் கூடி அமைத்தது அச்சங்கம்.

அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் நம் ஃபேரர் பார்க்கிலும் ஒரு புதுமை நிகழ்ந்தது. அன்று அது குதிரைப் பந்தயத் திடல். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் தம் விக்கர்ஸ் விமி விமானத்தை அங்கே இறக்கினர். திடல் சிறியது, விமானமோ பெரியது. ஓடும் விமானம் விரைவில் நிற்கவேண்டும் என்பதற்காகப் பென்னெட் என்னும் இயந்திரப் பணியாளர் வெளியே ஏறிப் பின்புறம் சறுக்கிச் சென்று, தம் உடல் எடையால் வாலை அழுத்தினார். பொறியியல் அன்று அத்துணைத் துணிச்சலும் கைவலிமையும் வேண்டிய தொழிலாகக் காட்சியளித்தது. பெண்ணுக்கு அதில் இடம் உண்டு என்று கருதியவர் மிகச் சிலர்.

பதினாறு வயதில் கைம்மை

லலிதா சென்னையில் தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிக் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அக்கால வழக்கப்படி லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம் நடந்தது. 1935 செப்டம்பரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அடுத்த நான்கு மாதங்களில் கணவர் மறைந்தார். கையில் குழந்தையும் கழுத்தில் வெறுமையுமாக நின்ற அப்பெண்ணுக்கு அன்றைய சமூகம் ஒதுக்கிவைத்திருந்த இடம் வீட்டின் ஒரு மூலையே.

அம்மூலையிலிருந்து வெளிவர ஒரு வழியை முன்னரே வகுத்துத் தந்தவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். குழந்தைப் பருவத்திலே கைம்மையுற்ற அவர் 1911இல் பட்டம் பெற்று, இளங்கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து, அவர்களை ஆசிரியைகளாக்கினார். சென்னையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற முதல் தலைமுறைப் பெண்களுள் பலர் அவ்வில்லத்தின் வழி வந்தவர்கள். ஆகவே கைம்பெண் படிக்கலாம், ஆசிரியை ஆகலாம் என்பது 1930களில் புதுமையன்று. அதற்கப்பால் போகலாமா என்பதே கேள்வி.

லலிதாவின் பெற்றோர் மகளை மீண்டும் கல்விக்கு அனுப்பினர். சென்னை இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பில் அவர் முதல் வகுப்பில் தேறினார். மேற்கொண்டு மருத்துவம் படிப்பதா என்ற எண்ணம் எழுந்தது. மருத்துவர்க்கு இரவு பகல் இல்லை. நள்ளிரவில் அழைப்பு வரும். குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டும். குறித்த நேரத்துக்குச் சென்று குறித்த நேரத்துக்குத் திரும்பும் தொழிலே ஒரு தாய்க்கு ஏற்றது என்று அவர் கருதினார். தந்தையும் உடன்பிறந்தாரும் பொறியியல் துறையினர். ஆகவே பொறியியலைத் தேர்ந்தார். ஆண்களின் கோட்டையைத் தகர்க்க வேண்டும் என்ற முழக்கம் அங்கே இல்லை. குழந்தைக்குச் சோறூட்டும் நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும் என்ற தாயின் கணக்கே வரலாற்றை உண்டாக்கியது.

கிண்டியில் மூவர்

கிண்டிக் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அதுவரை ஒரு பெண்ணும் அங்கே பொறியியல் பயின்றதில்லை. சேரக்கூடாது என்று விதி எழுதப்பட்டிருந்ததோ இல்லையோ, சேரலாம் என்று எண்ணியவர் இல்லை. சுப்பாராவ் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவை அணுகினார். முதல்வர் இசைந்தார். பொதுக்கல்வி இயக்குநர் ஸ்டேத்தமும் ஒப்புதல் அளித்தார். 1940இல் லலிதா சேர்ந்தார்.

இங்கே தந்தையார் செய்த மற்றொரு செயல் பெரிதும் போற்றத் தக்கது. நூற்றுக்கணக்கான ஆடவர்க்கு நடுவில் தன் மகள் ஒருத்தி தனியே இருப்பது நெடுநாள் நிலைக்காது என்பதை உணர்ந்து, பெண்களும் இக்கல்லூரியில் சேரலாம் என்பதை விளம்பரப்படுத்தச் செய்தார். அதனைக் கண்டு அடுத்த ஆண்டில் கேரளத்திலிருந்து இருவர் வந்தனர். ஒருவர் பி. கே. திரேசியா, மற்றவர் லீலாம்மா ஜார்ஜ். இருவரும் கட்டடப் பொறியியல் பிரிவில் சேர்ந்தனர். வகுப்பு வேறு, பிரிவு வேறு. ஆயினும் விடுதியில் மூவரும் ஒருவர்க்கொருவர் துணை. போர்க்காலத்தில் படிப்புக் காலம் சுருக்கப்பட்டமையால் மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்திலே கல்வியை முடித்தனர்.

அதே 1943இல் சிங்கப்பூரிலும் பெண்கள் புதுக்களம் புகுந்தனர். முந்திய ஆண்டு பிப்ரவரியில் இந்தியப் போர்வீரர் பல்லாயிரவர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டது ஃபேரர் பார்க் திடலிலேதான். அடுத்த ஆண்டு நேதாஜியின் அழைப்பை ஏற்று ஜான்சிராணி படை இந்நகரில் உருவாயிற்று. ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அப்படையின் தலைவி டாக்டர் லட்சுமியும் லலிதா பயின்ற அதே இராணி மேரி கல்லூரியின் மாணவி. படைக்கலம் தாங்கவும் பெண்ணால் முடியும் என்பதைக் கண்டபின், சுத்தியலும் அளவுகோலும் ஏந்த முடியாது என்று சொல்ல யாரால் இயலும்?

அணையும் மின்சாரமும்

பட்டம் பெற்ற லலிதா ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் செய்முறைப் பயிற்சி பெற்றார். பின்னர்ச் சிம்லாவில் மத்தியத் தரநிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராக 1944 முதல் 1946 வரை பணிபுரிந்தார். உடன்பிறந்தார் குடும்பத்தின் அரவணைப்பில் குழந்தை வளர்ந்தது. சில காலம் தந்தையாரின் ஆராய்ச்சிக்குத் துணைநின்றார். புகையில்லா அடுப்பும் மின்சார இசைக்கருவியும் அவ்வாராய்ச்சியின் பொருள்களாக இருந்தன. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1977இல் ஓய்வு பெறும்வரை, நிறுவனம் கைமாறிய பின்னும், அப்பணியே அவர் வாழ்க்கை.

அங்கே அவர் செய்தது என்ன? மின்சாரம் செல்லும் கம்பித் தொடர்களை வகுத்தல், துணைமின் நிலையங்களின் அமைப்பை வரைதல், காப்புக் கருவிகளைத் திட்டமிடல் ஆகியன. சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுந்த பக்ரா அணையின் மின்னாக்கிகளுக்கான பணியிலும் அவர் பங்கு கொண்டார். அவ்வணையின் உயரம் 226 மீட்டர். 1963 அக்டோபரில் அதனை நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அணையில் பிறந்த மின்சாரம் நெடுந்தொலைவு சென்றாக வேண்டும். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது ஒரு பகுதி வெப்பமாகி வீணாகிறது. அவ்விழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. இதற்குப் பொறிஞர் கண்ட வழி எளியது. மின்மாற்றியைக் கொண்டு மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். அப்போது அதே கம்பியில் இழப்பு நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஊரை அடைந்தபின் துணைமின் நிலையத்தில் மின்னழுத்தத்தைப் படிப்படியாகத் தாழ்த்தி வீட்டுக்கு வழங்குகின்றனர்.

உயர்ந்த மின்னழுத்தத்தோடு இடரும் உயர்கிறது. இடி விழலாம், மரக்கிளை முறிந்து கம்பிமேல் சாயலாம், இயந்திரத்தின் சுருளில் உறை கிழிந்து கசிவு உண்டாகலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் பழுதுற்ற பகுதியைப் பிரிக்காவிட்டால் பல இலட்சம் பெறும் இயந்திரம் கருகிப்போகும். இதற்கென அமைந்ததே காப்புக் கருவி. அதன் ஒரு வகை, கடைக்காரர் வரவையும் செலவையும் ஒத்துப் பார்ப்பது போல வேலை செய்யும். சுருளின் ஒரு முனையில் நுழையும் மின்னோட்டமும் மறுமுனையில் வெளிவருவதும் சமமாக இருக்க வேண்டும். வேறுபாடு கண்டால் இடையில் எங்கோ கசிவு என்று பொருள். கருவி உடனே இணைப்பைத் துண்டிக்கும். எங்கே துண்டிப்பது, எவ்வளவு விரைவில் துண்டிப்பது, நலமாக உள்ள பகுதியைத் துண்டிக்காமல் இருப்பது எப்படி என்பனவெல்லாம் கணக்கு. அங்கே வேண்டுவது தோள்வலிமையன்று, பொறுமையும் நுண்ணறிவுமே.

லண்டன் மின்பொறியாளர் கழகம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது.

உடன்வந்த இருவரும் சோடைபோகவில்லை. லீலாம்மா திருவாங்கூர்ப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். திரேசியா கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1971இல் கேரள மாநிலத் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண் அவரே.

தனிமரமும் தோப்பும்

1964 ஜூன் மாதம் நியூயார்க்கில் பெண் பொறியாளர், அறிவியலாளர்க்கான முதல் அனைத்துலக மாநாடு கூடியது. இந்தியாவில் அப்போது அத்தகைய மகளிர்க்கு ஒரு கிளைச் சங்கமும் இல்லை. ஆதலின் லலிதா தம் சொந்தப் பொறுப்பிலே சென்று கலந்துகொண்டார். திரும்பியதும் பெண்களுக்கான இதழ்கள் அவரைப் பற்றி எழுதின. பொறியியல் என்னும் சொல்லையே கேட்டிராத இல்லங்களிலும் சேலையுடுத்திய ஒரு பொறிஞரின் படம் நுழைந்தது. அடுத்த ஆண்டு லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினரானார். 1967இல் கேம்பிரிட்ஜில் கூடிய இரண்டாம் மாநாட்டுக்கு இந்தியாவின் பிரதிநிதியாக விளங்கினார். தமக்குக் கிடைத்த இடத்தைத் தமக்கென்றே வைத்துக்கொள்ளாமல், பின்வருவோர்க்கு வழி தேடியவர் அவர். 1979 அக்டோபரில் அறுபதாம் வயதில் மறைந்தார்.

அவர் கண்ட கனவு தோப்பாயிற்று. சந்திரயான் இரண்டின் திட்ட இயக்குநராக 2019இல் விளங்கிய சென்னை மு. வனிதா கிண்டிக் கல்லூரியில் பயின்றவர். அரியலூரைச் சேர்ந்த ந. வளர்மதி 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர்; தமிழ்நாட்டரசின் முதல் அப்துல் கலாம் விருதை 2015இல் பெற்றவர். 2023இல் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்துக்குத் தலைமை தாங்கிய நிகர் சாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசுப் பொறியியற் கல்லூரி மாணவி. சிற்றூர்ப் பெண்களுக்கும் இத்துறை எட்டாக்கனி அன்று என்பதை இவர்கள் நிறுவினர்.

நம் பள்ளிகளில்

திறந்த கதவு திறந்தபடியே இருக்கும் என்று நம்பிவிடுதல் ஆகாது. சிங்கப்பூர் அனுபவமே சான்று. 1969 முதல் உயர்நிலைப் பள்ளியின் தொடக்க ஈராண்டுகளில் மாணவர் அனைவரும் மாணவியருள் பாதிப்பேரும் தொழில்நுட்பப் பாடம் பயில ஏற்பாடாயிற்று. தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது, கைகள் வேண்டியிருந்தன. ஆனால் 1980களின் நடுவில் மாணவியர்க்கெல்லாம் மனையியல் கட்டாயம் என்றும், தொழில்நுட்பப் பாடம் மாணவர்க்கென்றும் ஆயிற்று. சில ஆண்டுகள் கழித்து 1990களில்தான் இரண்டு பாடங்களும் இருபாலர்க்கும் பொதுவாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் பதின்மூன்று வயதில் இருந்த மாணவி, உளியும் மரமும் மின்கம்பியும் உள்ள பட்டறையைப் பள்ளியிலேயே கண்டும், உள்ளே நுழையாமல் கடந்து சென்றாள். அவளுக்குத் திறமை இல்லை என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. கால அட்டவணையே அவளுக்காக முடிவு செய்துவிட்டது.

இன்று அட்டவணையில் அத்தடை இல்லை. ஆயினும் அட்டவணைக்கு வெளியே தடைகள் உண்டு. வகுப்பறையில் மின்விளக்கு பழுதானால் "தம்பி, நீ போய்ப் பார்" என்று பையனை அனுப்புவதும், விழாவுக்குக் கோலமிட "அம்மா, நீ வா" என்று பெண்ணை அழைப்பதும் சிறு செயல்களே. ஆனால் சிறு செயல்கள் ஆயிரம் சேர்ந்துதான் குழந்தையின் மனத்தில் உருவம் எழுதுகின்றன.

லலிதாவின் வரலாறு ஆசிரியர்க்கு மூன்று உண்மைகளைக் காட்டுகிறது. முதலாவது, தேவைக்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பை மாணவியிடம் வெளிப்படையாகப் பேசுதல். எந்நேரம் வேலை, எங்கே வேலை, குடும்பத்தோடு எவ்வாறு இயையும் என்னும் கேள்விகள் தாழ்ந்தவை அல்ல. அவையே அவரைப் பொறியியலுக்கு இட்டுச் சென்றன. இரண்டாவது, ஒருத்தியைத் தனியே அனுப்பாமை. கணினிக் கழகத்துக்கோ இயந்திர மனிதப் போட்டிக்கோ பெண் ஒருத்தியை மட்டும் சேர்த்து, அவள் விலகியபின் பெண்களுக்கு ஆர்வமில்லை என்று கூறுதல் நேர்மையன்று. சுப்பாராவ் செய்தது போல இன்னும் இருவரைத் தேடவேண்டும். மூன்றாவது, கையெழுத்திடும் இடத்தில் இருப்பவரின் கடமை. முதல்வர் சாக்கோவும் இயக்குநர் ஸ்டேத்தமும் மறுத்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். வழக்கம் அவர்கள் பக்கம் இருந்தது. வழக்கத்தைக் காரணம் காட்டி ஒதுங்காமல் ஒப்பமிட்டதே அவர்கள் செய்த நன்மை.

தமிழ் வகுப்பிலும் இதற்கு இடமுண்டு. கட்டுரைப் பயிற்சியில் 'நான் காண விரும்பும் பொறிஞர்' என்று தலைப்புத் தந்து பார்க்கலாம். மாணவர் எழுதிய பொறிஞர் ஆணா பெண்ணா என்று எண்ணிப் பார்க்கலாம். அவ்வெண்ணிக்கையை மாணவரிடமே காட்டி, பலர்பால் ஈற்றின் பொருளை அங்கேயே விளக்கலாம். இலக்கணப் பாடமும் ஆகும். வாழ்க்கைப் பாடமும் ஆகும்.

அன்று விமானம் இறங்கிய ஃபேரர் பார்க்கின் அடியில், 2003ஆம் ஆண்டு முதல் ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது. முன்பெட்டியில் ஓட்டுநர் அறை இல்லாமையால், சிறுமி ஒருத்தி கண்ணாடியோரம் நின்று சுரங்கப்பாதையை நேரே காண முடிகிறது. "இதை யார் ஓட்டுகிறார்கள்?" என்று அவள் கேட்பாள். ஆளில்லை, இயந்திரம் தானே ஓடுகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டால் அது பாதி விடை. அவ்வியந்திரத்துக்கு ஓடவும் நிற்கவும் கற்பித்த பொறிஞர்கள் இருக்கிறார்கள், நீயும் அவ்வாறு ஆகலாம் என்பதே முழு விடை. அந்த மறுபாதியைச் சொல்லும் கடமை, பக்கத்தில் நிற்கும் பெரியவர்களுடையது.